கண் பார்க்கும்! கை தொடும்! காது கேட்கும்!
நோயாளியைச் சோதிக்கக் கற்கும் நர்சு மாணவிகள்

காலை நேரம். தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரெயில் போகிறது. கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர் என்று வரிசையாக நிலையங்கள் வருகின்றன.

இந்தப் பாதையில் நர்சுப் படிப்புக்குப் பஞ்சம் இல்லை. காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். நர்சிங் கல்லூரி இருக்கிறது. செங்கல்பட்டில், 1965-ம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

நர்சு என்றால் ஊசி போடுகிறவர், மாத்திரை கொடுக்கிறவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பு கற்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. நோயாளியின் உடம்பைச் சோதித்துப் பார்ப்பதே அந்த வேலை!

பி.எஸ்சி. நர்சிங் படிப்பு 4 ஆண்டுகள். இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் உடல் சோதனை தனிப் பகுதியாகவே இருக்கிறது.

நான்கு வேலைகள்

பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. சோதனை என்பது இந்த நான்கும்தான்.

நோயாளி வாசலில் நுழையும்போதே முதல் வேலை தொடங்கிவிடுகிறது. எப்படி நடக்கிறார்? பேசும்போது மூச்சு வாங்குகிறதா? கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா? மாணவி இதை எல்லாம் கவனிக்கிறாள்.

பிறகு கண்ணைப் பார்க்கிறாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தால் காமாலையாக இருக்கலாம். கீழ் இமையின் உட்புறம் வெளுத்து இருந்தால் ரத்தச் சோகையாக இருக்கலாம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உடம்பில் நீலம் பாயும். வெள்ளைக்காரர் தோலில் அது உடனே தெரியும். நம் கருத்த தோலில் அவ்வளவு எளிதில் தெரியாது. ஆகவே நாக்கையும், உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது தொடுவது. கையைக் கழுவ வேண்டும். நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். வலிக்கிற இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். கணுக்காலில் விரலால் அழுத்தி எடுத்ததும் குழி அப்படியே நின்றால், உடம்பில் நீர் கோத்து இருக்கிறது என்று அர்த்தம்.

பீப்பாயும் பானையும்

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். பலாப்பழத்தையும் தட்டிப் பார்க்கிறோம். உடம்பையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம்!

இதை 1761-ம் ஆண்டு புத்தகமாக எழுதி வெளியிட்டவர் அவன்பிரக்கர் என்ற ஆஸ்திரிய டாக்டர். அவருடைய தகப்பனார் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி, உள்ளே எவ்வளவு மது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அங்கே வழக்கம். அதில் இருந்துதான் டாக்டருக்கு இந்த யோசனை பிறந்தது என்பார்கள்.

காற்று நிறைந்த நுரையீரல் மீது தட்டினால் ஓசை முழங்கும். நெஞ்சில் நீர் சேர்ந்து இருந்தால் ஓசை மங்கிவிடும்.

காகிதக் குழல்

நான்காவது, கேட்பது. 1816-ம் ஆண்டு பாரிஸ் நகரில் லேனக் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் வந்தாள். அவளுக்கு இதய நோய். அந்தக் காலத்தில் நெஞ்சில் காதை வைத்துத்தான் கேட்பார்கள். டாக்டருக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு காகிதத்தைக் குழல் போலச் சுருட்டினார். ஒரு முனையை அவள் நெஞ்சில் வைத்தார். மறு முனையைத் தன் காதில் வைத்தார். இதயத் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! அப்படிப் பிறந்ததுதான் ஸ்டெதாஸ்கோப்.

வயிற்றுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். பார்த்ததும் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் தட்டுவதும் தொடுவதும். முதலிலேயே அழுத்திவிட்டால் குடலின் ஓசை மாறிவிடும்.

நமக்குப் புதிதா?

நாடி பிடிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. சித்த வைத்தியத்தில் எட்டு வகைச் சோதனை உண்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், விழி, மலம், சிறுநீர் என்று எட்டையும் பார்ப்பார்கள்.

நர்சு மாணவியும் நாடி பிடிக்கிறாள். ஆனால் கட்டை விரலை வைக்கக் கூடாது. கட்டை விரலுக்குச் சொந்தத் துடிப்பு உண்டு. நோயாளியின் துடிப்பு என்று நினைத்துத் தன் துடிப்பையே எண்ணிவிடுவாள்! ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும்.

அடுத்து மூச்சு. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பிடித்த கையை விடாமல், நெஞ்சு ஏறி இறங்குவதைச் சத்தம் இல்லாமல் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம்.

தாய்மார்கள் கவனிக்க!

இந்த எண்ணிக்கையை வீட்டிலும் செய்யலாம். குழந்தைக்கு இருமல் சளி இருந்தால், அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள்.

2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் 5 வயது வரை 40. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இந்த அளவை எட்டினாலும், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், நிமோனியாவாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதிலும் முறை உண்டு. 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பேசக் கூடாது. கை, இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால், இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும்!

இரவு 2 மணி

கருவிகள் வந்துவிட்டனவே, கண்ணும் கையும் எதற்கு என்று கேட்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். விரல் குளிர்ந்து இருந்தாலோ, நகத்தில் சாயம் பூசி இருந்தாலோ அது தவறாகக் காட்டலாம். ஆகவே எண்ணையும் பார்க்க வேண்டும். ஆளையும் பார்க்க வேண்டும்.

இரவு 2 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்கு நன்றாகப் பேசிய நோயாளி, இப்போது குழறுகிறார். பக்கத்தில் டாக்டர் இல்லை. நர்சுதான் இருக்கிறாள். "ஏதோ சரியில்லை, டாக்டர்" என்று சொன்னால் போதாது. "மூச்சு 28, நாடி 120, பேச்சு குழறுகிறது" என்று சொன்னால் டாக்டர் ஓடி வருவார்.

பல நோயாளிகளுக்கு நிலைமை திடீர் என்று மோசமாவது இல்லை. முன்கூட்டியே மூச்சும் நாடியும் எச்சரிக்கை கொடுக்கின்றன. இங்கிலாந்தில் 2012-ம் ஆண்டு இதற்கு ஒரு மதிப்பெண் முறையே கொண்டுவந்தார்கள். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத் தொகை ஏறினால் ஆபத்து என்று அர்த்தம். ஆனால் மூச்சை எண்ணாமல், பழைய எண்ணையே ஏட்டில் எழுதி வைத்தால், எந்த முறையாலும் நோயாளியைக் காப்பாற்ற முடியாது.

நான்காவது ஆள்

சென்னை பொது ஆஸ்பத்திரியில் 1871-ம் ஆண்டே நர்சுப் பயிற்சி தொடங்கியது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே வள்ளுவர் இதைப் பற்றிச் சொல்லிவிட்டார். திருக்குறளில் "மருந்து" என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள். மருத்துவத்துக்கு நான்கு பகுதி என்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டு, நான்காவதாக ஒருவரைச் சேர்க்கிறார்.

அவர்தான் நோயாளியின் பக்கத்தில் இருந்து கவனிப்பவர்!

தமிழ் அறிஞர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரின் வழியாக, நாளைக் காலையும் ரெயில் போகும். அதில் ஒரு மாணவி தன் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு இருந்தால் சிரிக்காதீர்கள். அவள் பாடம் படிக்கிறாள். ஒரு நாள் இரவு 2 மணிக்கு, அந்தப் பாடம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.