வடக்கே போகிற மணல்

கடலோரக் கணக்கு – 11

நடுக்கடலில் காற்று அலையைக் கிளப்புவதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கரைக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த அலை என்ன செய்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம். அதற்கு மெரினாவே போதும்.

ஆனி, ஆடி மாதச் சாயங்காலம் ஒன்றில் நுரை வந்து தொடும் இடத்தில் நின்று, ஒதுங்கிக் கிடக்கும் தேங்காய் மட்டை ஒன்றைக் கவனியுங்கள். அலை நேராகக் கரையேறாது. தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து, மட்டையைக் கொஞ்சம் வடக்கே தள்ளிக்கொண்டே ஏறும். திரும்பும் தண்ணீர் சரிவு போன போக்கில் நேர் கீழே இறங்கிவிடும். அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏறும். சற்று நேரத்தில் மட்டை உங்களைத் தாண்டி வடக்கே போயிருக்கும். மணலும் இப்படித்தான் போகிறது. அலை உடையும் இடத்தில் கலங்கி எழும் மணலைக் கரையோர நீரோட்டம் அதைவிட வேகமாக அள்ளிக்கொண்டு போகும்.

ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வலுத்தால் கதை மாறும். வடகிழக்கு அலைகள் மணலைத் தெற்கே திருப்பி அனுப்பும். கரையும் ஒடுங்கும். புயல்கால அலை சுரண்டிய மணலில் பெரும்பகுதி சற்று தள்ளிக் கடலுக்கடியில் திட்டாகக் கிடக்கும். கோடையில் அமைதியான அலைகள் அதை மெல்லக் கரைக்குத் தள்ளும். ஆனால் வாடைக்கு நான்கு மாதம்தான். தெற்கத்தி அலைக்கோ மீதி வருஷம் முழுவதும். வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது.

இந்த மணலை முதலில் மறித்தது சென்னைத் துறைமுகம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் அடித்த புயல், கட்டிய சுவர்களைச் சிதைத்துவிட்டுப் போனது. திரும்பக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் கிழக்கு பார்த்திருந்த வாயிலைத் தூர்க்கத் தொடங்கியதால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் வைத்தார்கள்.

வாயில் தப்பியது, மணலுக்கு வழி கிடைக்கவில்லை. சுவருக்குத் தெற்கே அது தேங்கிக்கொண்டே போனது. அந்தத் தேக்கம்தான் இன்றைய அகன்ற மெரினா. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அப்போது கடலை ஒட்டியே இருந்தது. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடத்திலிருந்து அலையில் கால் நனைக்க வெயிலில் நல்ல நடை நடக்க வேண்டும். நாம் சுண்டல் வாங்கித் தின்னும் அந்த மணல், ராயபுரத்துக்கும் அதற்கு வடக்கே உள்ள குப்பங்களுக்கும் போயிருக்க வேண்டியது. அங்கே கடல் வீடுகளைத் தின்றது. இன்று அந்தக் கரை நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. தென்சென்னைக்குக் கிடைத்த உலகப் புகழ் வடசென்னையின் செலவில் வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஏற்றவற்றத்துக்கு இதில் என்ன பங்கு? குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அங்கே கரையை வடிப்பதில் அதுவே பெரிய கை. சென்னையில் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அட்டமியில் அதுவும் குறையும். அதனால் இங்கே அலைதான் முதலாளி. ஆனால் முகத்துவாரங்களைத் திறந்து வைக்கும் வேலை ஏற்றவற்றத்துடையது. கோடையில் அடையாற்றில் நீர்வரத்து குறைந்ததும், உள்ளே போய்வரும் கடல்நீரின் வலு மட்டும் போதாமல் மணல் வாயை அடைத்துவிடும். பிறகு பொக்லைன் வரும், இல்லாவிட்டால் மழை வெள்ளம் உடைக்கும்.

சென்னையில் கண்ட பிறகும் புதுச்சேரியில் அதையே செய்தோம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல்சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே விட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. பீச் ரோட்டின் முன்னால் இருந்த மணல்பரப்பு காணாமல் போனது. பதிலுக்குக் கல் கொட்டினார்கள். கல்சுவர் பின்னால் இருக்கும் சாலையைக் காக்கும், மணலைக் காக்காது. மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலையே பறிக்கும். அரிப்பு வடக்கே நகர்ந்து, மாநில எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. 2018-இல் நகரத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியும், மணலை அள்ளிக் கொட்டியும் கொஞ்சம் கரையை மீட்டார்கள்.

அரிப்பு என்றாலே தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல்சுவர், கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வீடு இழந்தவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? ஆனால் ஓர் ஊரின் வளைவு பிடித்து வைக்கும் மணல் அடுத்த ஊருக்குப் போக வேண்டியது. சோழமண்டலக் கரையில் உங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வருவதாக அறிவிப்பு வந்தால், உங்களுக்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் பழவேற்காடு முகத்துவாரம்.