அன்றாட மகிழ்ச்சியும் எட்மண்டனில் வாழ்ந்த ஓர் எழுத்தரும்

இன்பத்தை நாடாத மனிதர் எவருமிலர். ஆயினும் வீடு வாங்கிய பின், பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்த பின், கடன் தீர்ந்த பின் என்று அதனை ஒத்திவைப்பது புலம்பெயர்ந்த எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. மகிழ்ச்சி பெரும்பாலும் அன்றாடப் பழக்கங்களிலேயே தங்கியுள்ளது என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எட்மண்டன் சேர்ச் வீதியிலே, அனைத்துப் புனிதர் தேவாலய வளவில் அச்சான்று துயில்கின்றது.

ஆங்கிலக் கட்டுரையாசிரியரான சாள்ஸ் லாம் 1775இல் இலண்டனிற் பிறந்தவர். 17 வயதிலே கிழக்கிந்தியக் கம்பனியில் எழுத்தராகச் சேர்ந்து, 33 ஆண்டுகள் கணக்கேடுகளோடு காலங்கழித்தார். (சென்னையிலிருந்து எம்மவரை ஆண்ட அதே கம்பனிதான்!) 1796இல் அக்குடும்பத்திற்கு நேர்ந்த துயரம் எழுதக் கை கூசுவது. மனநோயுற்ற தமக்கை மேரியின் கையாலேயே தாயார் மாண்டார். மேரியை மருத்துவமனையிலேயே விட்டுவிடலாம் என்று தமையனார் கருதியபோது, 21 வயதேயான லாம் அவரைத் தாமே பராமரிப்பதாகப் பொறுப்பேற்றார். நோய் மீண்டும் மீண்டும் வந்தது. அறிகுறி தென்பட்டதும், இருவரும் அழுதவாறே மருத்துவ இல்லத்தை நோக்கி நடந்து செல்வதை நண்பர் ஒருவர் கண்டதுண்டு.

இத்தகையவர் துயரமே உருவாய் இருந்திருப்பார் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் நகைச்சுவைக்கும் கனிவுக்கும் பேர்பெற்ற கட்டுரைகளை 'ஈலியா' என்னும் புனைபெயரில் எழுதியவர் இவரே. வாரத்தில் ஒரு மாலை நண்பர்களுக்கென அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும். பெரிய விருந்தில்லை, எளிய உணவும், சீட்டாட்டமும், உரையாடலுமே. பழைய நூல்களைத் தேடி வாங்குவார். நெடுந்தூரம் நடப்பார். தமக்கையோடு சேர்ந்து சேக்சுபியரின் நாடகங்களைச் சிறுவர்க்கான கதைகளாக்கி 1807இல் வெளியிட்டார். அவரிடம் குடிப்பழக்கமும் இருந்தது; அதனைப் பின்பற்றுமாறு யாம் கூறவில்லை.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். அவர் சிரித்தார் என்பதற்காக நோயை மறைக்கவில்லை. எம்மவரோ போரில் உறவுகளை இழந்தும், உறக்கமின்றித் தவித்தும், "ஊரார் என்ன சொல்வார்களோ" என்று வைத்தியரிடம் வாய் திறப்பதில்லை. திருவள்ளுவர் இடுக்கண் அழியாமை என ஓர் அதிகாரமே வகுத்து, துன்பத்தை நகைப்போடு எதிர்கொள்ளச் சொன்னார். ஆனால் மருந்து என்றும் ஓர் அதிகாரம் வைத்தவர் அவரே அன்றோ!

நடையும் இந்நாட்டில் இன்றியமையாதது. டிசம்பர் இறுதியிலே இலண்டனிற் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. பகல் வெளிச்சமே உடலின் உறக்க விழிப்பு ஒழுங்கைச் சீர்செய்வது. இருளிற் சென்று இருளில் மீளும் தொழிலாளர், நண்பகல் இடைவேளையில் இருபது நிமிடமேனும் வெளியே நடத்தல் நன்று. விடுமுறை நாளாயின் பிம்ஸ் பூங்கா அருகிலேயே உள்ளது. கருநிறத் தோலினருக்கு இங்குள்ள வெயில் போதாமையால், ஆண்டு முழுவதும் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி உட்கொள்வதைக் கருதுமாறு சுகாதாரத் துறையினர் கூறுகின்றனர்.

1833இல் லாம், மேரியைப் பராமரித்த வீட்டிலேயே தாமும் தங்குவதற்காக எட்மண்டன் வந்தார். மறு ஆண்டு டிசம்பரில் உலாவச் சென்றபோது இடறி விழுந்து, முகத்திற் பட்ட சிறு காயம் முற்றி, 27ஆம் நாள் காலமானார். 1847இல் மேரியும் அதே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர்கள் வாழ்ந்த வீடு சேர்ச் வீதியில் இன்றும் உள்ளது. வகுப்பு முடிந்த ஒரு நாளில் பிள்ளைகளோடு நடந்து சென்று அதனைக் காணலாம்.