பில்லின் அடியில் இருக்கும் ஆங்கிலம்



நம் கடைகளுக்குத் தினமும் எத்தனை ஆங்கிலத் தாள்கள் வருகின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். கம்பெனி பில், லாரி ரசீது, வங்கி மெமோ, இன்சூரன்ஸ் படிவம், ஏஜென்சி ஒப்பந்தம். தொகை எவ்வளவு, தேதி என்ன என்று பார்த்துவிட்டுக் கம்பியில் குத்தி வைத்துவிடுகிறோம். அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பவர்கள் நம்மில் குறைவு. நானும் படிக்காதவன்தான், எழுபது டின் எண்ணெய் வந்து சேர்ந்த அந்த நாள் வரை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். தீபாவளிக்கு முன் வாரம். வெளியூர் மில்லிலிருந்து 15 கிலோ டின் எழுபது. கடையில் கூட்டம், எனக்கு நகர முடியவில்லை. பையனை லாரி ஆபீசுக்கு அனுப்பினேன். அவன் எண்ணிக்கையைச் சரிபார்த்தான், ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டான், வண்டியில் ஏற்றி வந்துவிட்டான். இறக்கும்போது பார்த்தால் ஒன்பது டின் நசுங்கி ஒழுகியிருக்கிறது. அதில் மூன்று பாதிக்கு மேல் காலி. லாரி ஆபீசில் போய்க் கேட்டேன். மேனேஜர் ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். பையன் கையெழுத்துக்கு மேலே ரப்பர் ஸ்டாம்ப்: "ரிசீவ்ட் இன் குட் ஆர்டர் அண்ட் கண்டிஷன்". அதாவது சரக்கு நல்ல நிலையில், குறையின்றிப் பெறப்பட்டது. மில்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, பில்லைப் பாருங்க" என்றார். பார்த்தேன். "அவர் ரெஸ்பான்ஸிபிலிட்டி சீஸஸ் ஆன் டெலிவரி டு தி கேரியர்" என்று இருந்தது. லாரியில் ஏற்றியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று அர்த்தம். சட்டமும் ஏறக்குறைய அவர் பக்கம்தான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 39ஆம் பிரிவுப்படி, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கைக் கேரியரிடம் ஒப்படைத்தால், மாறாக எதுவும் பேசிக்கொள்ளாதவரை, வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு ஆங்கில வரிகளுக்கு நடுவில் என் தீபாவளி லாபம் ஒழுகிப் போயிற்று.

லாரி ரசீதிலேயே இன்னும் இரண்டு வார்த்தைகள் உண்டு. "அட் ஓனர்ஸ் ரிஸ்க்" என்பது ஒன்று. நம் பேச்சில் ஓனர் என்றால் லாரி முதலாளி. அதனால் சேதமானால் லாரிக்காரர் பொறுப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிற நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். விஷயம் நேர் எதிர். ஓனர் என்பவர் சரக்குக்குச் சொந்தக்காரர், அதாவது நாம். மற்றொன்று "செட் டு கன்டெய்ன்". உள்ளே இன்ன சரக்கு இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார், நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்று லாரிக்காரர் கழன்றுகொள்ளும் வார்த்தை அது.

ஆனால் ஓனர்ஸ் ரிஸ்க் என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் லாரிக் கம்பெனி தன் கவனக்குறைவிலிருந்து தப்பிவிட முடியாது. பழைய 1865ஆம் ஆண்டு கேரியர்ஸ் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2011 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்திலும், கேரியரின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் புதிய சட்டத்தில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. அதிக மதிப்பைச் சொல்லி அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு. புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. இப்போதெல்லாம் ரிஜிஸ்தரில் ஸ்டாம்ப் குத்தியிருந்தால், அதற்குக் கீழே "இரண்டு டின் ஒழுகல், ஒரு மூட்டை கிழிசல்" என்று தமிழிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எந்த ஊர்க் கோர்ட்டு?

பில்லின் அடியில் "இ அண்ட் ஓ இ" என்று இருப்பதைக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் என்று நினைப்பவர் உண்டு. எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட். கூட்டல் பிழையோ விடுபட்டதோ இருந்தால் பின்னால் திருத்தும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறார்கள். இதில் பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து இருப்பது பக்கத்து வரியில்: "சப்ஜெக்ட் டு மும்பை ஜூரிஸ்டிக்‌ஷன்". வழக்கு என்று வந்தால் மும்பை நீதிமன்றத்தில்தான் என்பது பொருள். நாலாயிரம் ரூபாய் பாக்கித் தகராறுக்கு மும்பைக்கு ரயில் ஏறுபவர் யார்? இது பற்றிச் சேலத்து நிறுவனம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குஜராத்தில் கைரா மாவட்டத்து நிறுவனம் ஒன்றிடம் 1974இல் உலோக நூல் வாங்க ஒப்பந்தம். தகராறு வந்தால் கைரா நீதிமன்றம் என்று நிபந்தனை. சேலத்துக்காரர்கள் சேலத்திலேயே வழக்குப் போட்டார்கள். 1989இல் உச்ச நீதிமன்றம் சேலத்தில் நடத்தலாம் என்றது. "ஒன்லி", "அலோன்", "எக்ஸ்க்ளூசிவ்" போன்ற வார்த்தை நிபந்தனையில் இல்லாததும், வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி சேலத்தில் எழுந்திருக்கலாம் என்பதும் அதற்குக் காரணம். ஒரு "மட்டும்" இல்லாததால் நம்மவர்கள் பிழைத்தார்கள்.

இதை நம்பிக்கொண்டு இப்போதும் "ஒன்லி என்று போடவில்லையே" என்று சொல்லும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013இல் ஜெய்ப்பூர் நிறுவனம் ஒன்றின் வழக்கில், ஒப்பந்தத்தில் கல்கத்தா நீதிமன்றம் என்று மட்டுமே இருந்தது. அந்த வார்த்தைகள் இல்லாவிட்டாலும் இரு தரப்பின் எண்ணம் கல்கத்தாதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பந்தமே இல்லாத ஊரின் நீதிமன்றத்தை ஒப்பந்தத்தால் உண்டாக்க முடியாது என்ற பாதுகாப்பு மட்டும் எப்போதும் உண்டு. ஆகவே இந்த வரியைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் ஆர்டர் கொடுக்கும் நேரம். பாக்கி நின்ற பிறகு அல்ல.

நம் பில்லிலும் ஒரு வரி இருக்கிறது. "குட்ஸ் ஒன்ஸ் ஸோல்ட் வில் நாட் பி டேக்கன் பேக்". விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது. நம் தகப்பனார் காலத்திலிருந்து பிரஸ்காரர் தானாகவே போட்டுக் கொடுக்கும் வரி. 1999இலேயே இப்படி அச்சிட வேண்டாம் என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. அடுத்த பில் புக் அடிக்கும்போது பிரஸ்காரரிடம் இந்த வரியை எடுக்கச் சொல்லிவிடுங்கள். நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்த வரி, நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

டிராயரில் போட்ட செக்

திரும்பி வந்த செக்குடன் வங்கி ஒரு சீட்டு இணைக்கும். "ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்" என்றால் பணம் போதவில்லை. "எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மென்ட்" என்றால் அனுமதித்த ஓவர்டிராஃப்ட் அளவைத் தாண்டியது. இவை புரிகின்றன. "ரெஃபர் டு டிராயர்" என்பதுதான் குழப்பம். டிராயர் என்பவர் செக் கொடுத்தவர். அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று வங்கி நாசூக்காகச் சொல்கிறது. எனக்குத் தெரிந்த மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுச் செக்கை மேஜை டிராயரில் பத்திரமாகப் போட்டுப் பூட்டிவிட்டார். சிரிக்காதீர்கள். செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவுப்படி, திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மண்டிக்காரர் டிராயரைத் திறந்தபோது 30 நாள் தாண்டியிருந்தது. நல்ல வேளையாகச் செக்கின் மூன்று மாத ஆயுள் முடியவில்லை. மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பி, புதிதாக நோட்டீஸ் அனுப்பினார். ஆயுள் இருக்கும்வரை இதற்கு இடமுண்டு. மூன்று மாதம் என்பது 2012 ஏப்ரல் முதல். அதற்கு முன் ஆறு மாதம் இருந்தது, பழைய நினைப்பில் இருக்க வேண்டாம்.

என் கருத்தில் எல்லாவற்றையும் விடக் கொடிய வார்த்தை "ஜாயிண்ட்லி அண்ட் செவரலி". பஜாரில் ஒருவருக்கொருவர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது வழக்கம். கடன் வாங்கியவர் ஒருவர், ஜாமீன் நான் ஒருவன், ஆக என் பங்கு பாதிதானே என்று பலர் நினைக்கிறார்கள். சேர்ந்தும் தனித்தனியாகவும் என்பது அதன் பொருள். வங்கி முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே வசூலிக்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவும், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், ஜாமீன்தாரர் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதுகூட இல்லை. அதே படிவத்தில் "கன்டினியூயிங் கேரண்டி" என்று இருந்தால் இன்னும் கவனம். இன்று வாங்கிய கடனோடு அது நிற்காது, நாளை அதே கணக்கில் வாங்குவதற்கும் நீங்கள் ஜாமீன். இனிமேல் வாங்குவதற்கு நான் இல்லை என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. அது பழைய பாக்கிக்கு உதவாது. நண்பர் முகத்துக்காகப் போட்ட ஒரு கையெழுத்தில் கடையும் வீடும் போனவர்களை இந்த பஜாரே பார்த்திருக்கிறது.

இன்சூரன்ஸ்காரர் நீட்டும் "ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்" வவுச்சரும் இந்த ரகம். முழு தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனிக் கேட்கமாட்டேன் என்பது. கட்டாயப்படுத்தி வாங்கியதாக நிரூபித்தால் பின்னால் கேட்கலாம்தான். ஆனால் அந்த நிரூபிக்கும் சுமை நம் தலையில்.

பாக்கெட் சரக்கில் "பெஸ்ட் பிஃபோர்" வேறு, "எக்ஸ்பைரி" அல்லது "யூஸ் பை" வேறு. முதலாவது, அந்தத் தேதி வரை ருசியும் தரமும் முழுமையாக இருக்கும் என்பது. இரண்டாவது தேதி தாண்டினால் விற்கவே கூடாது. சோப்பில் "வென் பேக்ட்" என்று இருப்பது, கட்டும்போது இருந்த எடை என்பதற்காக. சோப்பு காய்ந்து எடை குறையும்.

கடைசியாகச் சேல்ஸ்மேன் தம்பிகள். புதுச் சரக்கோடு வரும்போது வாயில் ஆங்கிலம் பொங்கும். "சார், இது ஹாட் கேக் மாதிரி மூவ் ஆகும்." சுடச்சுட விற்கும் என்கிறார். "பேக்கர்ஸ் டஸன் ஆஃபர்" என்று ஒருவர் சொன்னார். டஜனுக்குப் பன்னிரண்டு, பேக்கரி டஜனுக்குப் பதிமூன்று. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ரொட்டி எடை குறைந்தால் தண்டனை என்பதால், பயந்துகொண்டு ஒன்று கூடுதலாகப் போட்டார்களாம். நாம் கறிவேப்பிலைக் கொசுறு போடுவது யாருக்கும் பயந்து அல்ல.

அந்தத் தம்பி தயங்கினால் அடுத்து வருவது "சேல் ஆர் ரிட்டர்ன்". விற்றால் பணம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரக்கு விற்பனைச் சட்டம் 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? கெடு சொல்லியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், சொல்லாவிட்டால் நியாயமான காலத்துக்குள், வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் சரக்கு நம்முடையதாகிவிடும். அதன்பின் டெட் ஸ்டாக் நம் அலமாரியில், பில் பாக்கி நம் பெயரில். நான் இப்போது செய்வது இதுதான்: சரக்கு இறக்கும்போதே பில்லில் "60 நாளில் விற்காதது திருப்பப்படும்" என்று எழுதித் தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். ஐம்பதாம் நாள் காலண்டரில் ஒரு சுழி. அன்று மிச்சத்தை எண்ணி, கம்பெனிக்கு ஒரு தபால்.