மரத்தை வெட்டினால் புண்ணியம்!

ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் ஒரு போட்டோவாவது இருக்கும். முன்னால் ஸ்வெட்டர் போட்ட குழந்தைகள். பின்னால் வரிசையாக நெட்டை நெட்டை மரங்கள். "எத்தனை அழகான காடு!" என்று நீங்களும் வியந்திருப்பீர்கள். அந்த மரங்களில் முக்கால்வாசி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறிய ஆசாமிகள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

நீலகிரியின் உச்சிச் சரிவுகள் ஆதியில் புல்வெளிகள்தாம். பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு, மேடெல்லாம் புல். மார்கழி, தை மாதத்து உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லோ அதற்கெல்லாம் அசையாது. அந்தப் புல்லுக்கு நடுவேதான் குறிஞ்சியும், தரையில் பூக்கும் ஆர்க்கிட் செடிகளும், இன்னும் எத்தனையோ சின்னஞ்சிறு பூக்களும் இருந்தன. வரையாடு மேய்வதும் அங்கேதான்.

வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு இது வெறும் தரிசாகத் தோன்றியது. விறகுக்கென்று 19-ஆம் நூற்றாண்டில் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்தார்கள். (நாம் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்க்கு இந்தச் சீகை தூரத்து உறவு. உறவுதான், குணம் வேறு!) சுதந்திரம் வந்த பிறகு நாமும் சும்மா இருக்கவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்கு மரம் வேண்டும் என்று மலை மலையாக நட்டோம். பழனி மலையில் மட்டும் 1973-லிருந்து நாற்பது வருஷத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

'புல் போனால் நமக்கென்ன?' என்கிறீர்களா? ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கனில் ஒரு பரீட்சை நடந்தது. ஒரு சிறு ஓடைச் சரிவில் கற்பூர மரம் வைத்தார்கள். பக்கத்துச் சரிவைப் புல்லாகவே விட்டார்கள். பத்து வருஷம் அளந்து பார்த்ததில், மரம் வைத்த பக்கம் தண்ணீர் வரத்து நூற்றுக்குப் பதினாறு பங்கு குறைந்திருந்தது. மலையில் ஓடை வற்றினால் சமவெளியில் பவானியும் மெலியும். நம் வீட்டுக் குழாய்க்கும் அந்தப் புல்லுக்கும் இப்படி ஒரு சம்பந்தம்!

தோடர்களுக்கு நஷ்டம் இன்னும் கிட்டத்தில். கறுப்பும் சிவப்புமாக அவர்கள் வீட்டுப் பெண்கள் பூவேலை செய்யும் புத்துக்குளிப் போர்வையைப் பார்த்து நீங்கள் ஆசைப்பட்டிருப்பீர்கள். அவர்கள் கோயில் கூரைக்குக் கண்ட புல்லும் ஆகாது. மலைச் சதுப்பில் விளையும் குறிப்பிட்ட ஒரு புல்தான் வேண்டும். சதுப்பு சுருங்கச் சுருங்க, அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இப்போது பல இடங்களில் சீகையை வெட்டுகிறார்கள். வெட்டினால் போதுமா? அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும். வெயில் பட்டதும் கீரைப் பாத்தி மாதிரி ஆயிரமாயிரம் கன்றுகள் கிளம்பும். வருஷா வருஷம் கையால் பிடுங்க வேண்டும்; நாட்டுப் புல்லை நாற்றுவிட்டுக் கொத்துக் கொத்தாக நட வேண்டும். ஒரு நாள் மரம் நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளும் வேலையல்ல இது. பொறுமையாகக் களை எடுக்கிற வேலை.

கோடைக்கானல், மூணாறு பக்கம் நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்த முறை 2030. குழந்தைகளை அவசியம் அழைத்துப் போங்கள். பூவை மட்டும் பறிக்க விடாதீர்கள். அந்தச் செடி ஒரே ஒரு முறைதான் பூக்கும். விதையைச் சிந்திவிட்டு மடிந்துபோகும். 2042-க்கு வேண்டிய பூ அந்த விதையில்தான் இருக்கிறது.