படித்த செல் மிஞ்சாது

இரண்டே செல்களாகப் பிரிந்திருந்த எலிக்கருவில் ஒன்றை ஊசியால் குத்திக் கொன்றார் போலந்து விஞ்ஞானி ஆண்ட்ரேய் தார்கோவ்ஸ்கி. மிஞ்சிய செல்லிலிருந்து பாதி எலி பிறக்கவில்லை. சில கருக்களில் முழுக் குட்டியே பிறந்தது. 1959-ல் இது வெளியானதும், முதல் இரண்டு செல்களும் சரிசமம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

ஆனால் ஒரு செல்லால் என்னவெல்லாம் ஆக முடியும் என்பது ஒன்று. இயல்பாக விட்டால் அது என்ன ஆகும் என்பது வேறு. ஐந்தாறு நாளில் மனிதக் கரு, வெளிச்சுவரும் உள்ளே ஒரு செல் கூட்டமுமாகப் பிரிகிறது. சுவர் நஞ்சுக்கொடிக்கு, குழந்தை உள்கூட்டத்திலிருந்து. இந்தப் பிரிவினை எப்போது தொடங்குகிறது?

எல்லாச் செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றுதான். எந்த மரபணு வேலை செய்கிறது என்பதை ஆர்.என்.ஏ. நகல்கள் காட்டிக்கொடுக்கும். சாதாரண உடல் செல்லில் ஆர்.என்.ஏ. ஒரு கிராமின் லட்சம் கோடியில் சுமார் 10 பங்குதான். அதனால் பல கருக்களை ஒன்றாகக் கரைத்துத்தான் அளந்தார்கள். ஊரின் சராசரி வருமானத்தை வைத்து ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று சொல்ல முடியுமா?

2009-ல் கேம்பிரிட்ஜில், அஸிம் சுரானியின் ஆய்வகத்தில் டாங் ஃபூச்சோவும் சகாக்களும் எலிக்கருவின் ஒற்றைச் செல்லிலிருந்த ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிப் படித்தார்கள். பழைய முறைக்குச் சிக்காத 5,270 மரபணுக்கள் கூடுதலாகத் தெரிந்தன. 2016-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா குழு 88 மனிதக் கருக்களின் 1,529 செல்களைத் தனித்தனியே படித்தது.

அதே ஆண்டு கரு ஆய்வாளர் மக்தலேனா ஜெர்னிக்கா-கோட்ஸின் குழு, நான்கு செல் எலிக்கருவிலேயே சாக்ஸ்21 என்ற மரபணு செல்லுக்குச் செல் ஏற்றத்தாழ்வாக இயங்குவதைக் காட்டியது. அது குறைந்த செல்லின் வாரிசுகள் நஞ்சுக்கொடிப் பக்கம் சாய்ந்தன. எல்லோரும் ஒப்பவில்லை. தற்செயலும், பின்னால் செல் உள்ளே அமர்கிறதா வெளியே அமர்கிறதா என்பதுமே தீர்மானிக்கின்றன என்பது மறுதரப்பு.

வழக்கு இழுபடக் காரணம் உண்டு. ஆர்.என்.ஏ.வைப் படிக்கப் பொதுவாகச் செல்லை உடைத்தாக வேண்டும். உடைத்தபின் அது என்னவாகியிருக்கும் என்று பார்க்க வழியில்லை. எனவே சிலர் செல்லைக் கொல்லாமல் ஒளிரும் அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். மனிதக் கருவில் உடலாகப்போகும் செல்கள் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றிலிருந்தே வருகின்றன என்று 2024-ல் ஜெர்னிக்கா-கோட்ஸ் குழு அறிவித்தது அப்படித்தான்.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பிலும் இந்தப் பிரிவினையின் நிழல் விழுகிறது. மரபணுப் பரிசோதனைக்காக ஐந்தாம் நாள் கருவிலிருந்து கிள்ளியெடுக்கும் சில செல்கள் வெளிச்சுவரைச் சேர்ந்தவை. அவற்றில் குரோமோசோம் கோளாறு தெரிந்தாலும், உள்கூட்டத்திலும் அது இருந்தாக வேண்டும் என்பதில்லை.