எல்லை காத்த கோட்டைகள்

நுழையும்முன்

‘கிழக்கேகோட்டை’ என்னும் பெயரை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். ஸ்ரீவராகத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ள அந்தக் கோட்டைவாயில், 18ஆம் நூற்றாண்டில் பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ எழுப்பப்பட்ட கோட்டையின் ஒரு பகுதியாகும். அது நகரைக் காத்த கோட்டை. திருவிதாங்கூர் நாட்டின் எல்லையைக் காக்க வேறு கோட்டைகள் இருந்தன. அவற்றுள் சில, விடுமுறையில் நீங்கள் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ செல்லும் வழியிலேயே உள்ளன. அவற்றை எழுப்பியவர் யார்? அவற்றினுள் வாழ்ந்தவர் யார்? இப்பாடத்தில் அறிவோம்.

நால்வகை அரண்

பகைவரிடமிருந்து நாட்டைக் காப்பது அரண். திருக்குறளில் ‘அரண்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. நீர், வெட்டவெளியான நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கையும் வள்ளுவர் அரண் என்கிறார். இவை இயற்கை தந்தவை. இவற்றோடு மனிதன் மதிலையும் அகழியையும் கொத்தளத்தையும் சேர்த்தான், கோட்டை உருவாயிற்று. இயற்கை எங்கே காவல் தருகிறது, எங்கே வழி விடுகிறது என்பதை அறிந்து கட்டுவதே கோட்டைக் கலை.

படைவீடாக விளங்கிய உதயகிரி

தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சி என்னும் ஊர் வருகின்றது. அங்கே நெடுஞ்சாலையை ஒட்டி, தனித்து நிற்கும் ஒரு குன்றைச் சூழ்ந்து கருங்கல் மதில் செல்வதைக் காணலாம். அதுவே உதயகிரிக் கோட்டை. அதன் பரப்பு ஏறத்தாழ 90 ஏக்கர். அருகிலுள்ள பத்மநாபபுரம் அக்காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது. தலைநகருக்குக் காவலாகப் படைகள் தங்கிய இடம் உதயகிரி.

பழைய கோட்டையை வலுவுறத் திருத்தியமைத்தவர் மார்த்தாண்ட வர்மா. அவர் 1729 முதல் 1758 வரை ஆட்சி புரிந்தார். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர், அவருடைய பகைவராக வந்த ஒருவர் என்பது வியப்புக்குரியது.

சிறைப்பட்டவர் தளபதியானார்

1741ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. சிறைப்பட்டவர்களுள் யுஸ்டாச்சியஸ் டிலனாய் என்னும் படைவீரரும் ஒருவர். அவரது திறமையை உணர்ந்த மன்னர், தம் வீரர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அணிவகுத்து நிற்கவும், துப்பாக்கியையும் பீரங்கியையும் முறையாகக் கையாளவும் அவர் கற்பித்தார். காலப்போக்கில் படைத்தலைவராகவே உயர்ந்தார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்று அழைத்தனர். உதயகிரிக்கு அவர் பெயரால் ‘தில்லானைக் கோட்டை’ என்ற பெயரும் வழங்கிற்று.

ஆயினும் அவர் அயல்நாட்டவர், கிறித்தவர். ஆதலால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் செல்லும் உரிமை அவருக்கு இல்லை. தாம் காத்து நின்ற அரண்மனைக்குள் நுழைய இயலாத அத்தளபதி, உதயகிரிக் கோட்டையிலேயே குடும்பத்துடன் வாழ்ந்தார். அவருடைய மகன் 19 வயதில் களக்காட்டுப் போரில் உயிர்நீத்தான். டிலனாய் 1777 ஜூன் 1ஆம் நாள் மறைந்தார். கோட்டையினுள் உள்ள சிறு தேவாலயத்தில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கின்றது. மனைவியும் மகனும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

அக்கல்லறையில் இரண்டு மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று, அவருடைய சமயத்தின் மொழியாகிய இலத்தீன். மற்றொன்று, அந்நிலத்து மக்களின் மொழியாகிய தமிழ். கடல் கடந்து வந்து சிறைப்பட்ட ஒருவரின் வாழ்வைத் தமிழும் தாங்கி நிற்கின்றது.

கோட்டைக்குள் வாழ்க்கை

கோட்டை என்றவுடன் போர்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையில், கோட்டையில் போர் நிகழ்ந்த நாள்கள் சில. உழைப்பில் கழிந்த நாள்களே பல. உதயகிரியில் படைவீரர் குடியிருப்பும் பீரங்கி வார்க்கும் உலைக்கூடமும் இருந்தன. பீரங்கி வார்ப்பது ஒருவர் செய்யும் வேலையன்று. மண் அச்சுச் செய்வோர், உலோகத்தை உருக்குவோர், உலைக்கு எரிபொருள் சுமப்போர், குழாயின் உட்புறத்தைச் சீராக்குவோர் எனப் பலரும் அதற்கு வேண்டும்.

வெடிமருந்து நனைந்தால் பயன்படாது; தீப்பட்டால் அனைவரையும் அழித்துவிடும். எனவே அதனை ஈரமும் நெருப்பும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். உணவும் நீரும் அதே அளவு இன்றியமையாதவை. முற்றுகை நீடித்தால், மதில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், தண்ணீர் தீர்ந்த நாளில் கோட்டை வீழும். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டையின் நடுவே ஒரு குளம் இருப்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். தளபதியின் பெயர் கல்லில் நிலைத்தது. நீர் சுமந்தவர், கல் உடைத்தவர் பெயர்களோ பொறிக்கப்படவில்லை.

தெற்கிலும் வடக்கிலும்

நாகர்கோவிலைக் கடந்து திருநெல்வேலிக்குச் செல்லும்போது ஆரல்வாய்மொழி என்னும் ஊர் வரும். இன்று காற்றாலைகள் சுழலும் அவ்விடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள ஒரு கணவாய். மலையே அரணாக நிற்க, மலை வழிவிடும் இடத்தை மட்டும் மதில்களும் கொத்தளங்களும் அடைத்தன. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்தபோது, 1809 பிப்ரவரி 10ஆம் நாள் கம்பெனிப் படை இக்காவலைக் கைப்பற்றியது. பின்னர் உதயகிரியும் வீழ்ந்தது.

வடக்கு எல்லையில் இத்தகைய மலைவாயில் இல்லை. அங்கே கடலோரத்துக் கிருஷ்ணன்கோட்டையிலிருந்து ஆனைமலை அடிவாரம் நோக்கி, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்திற்கு ‘நெடுங்கோட்டை’ எழுப்பப்பட்டது. அதன் பெரும்பகுதி மண்ணால் ஆனது. முன்னே ஆழமான அகழி. அகழியில் அடர்ந்த முட்செடிகள். வள்ளுவர் கூறிய காட்டரணை மனிதரே வளர்த்தனர் எனலாம். 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தானின் படை அதைத் தாக்கிப் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு பீரங்கிகளால் தகர்த்து உள்ளே புகுந்தது.

மதில் இல்லாத கோட்டைகள்

எல்லைக் கோட்டைகள் பிற நாடுகளிலும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு மேற்கு நோக்கி விரிந்தபோது, அங்கும் படைவீடுகளை அமைத்தது. அவற்றுள் பலவற்றுக்குச் சுற்றுமதிலே இல்லை. வீரர்கள் போரிட்டதைவிட மரம் வெட்டியதும் கட்டடம் கட்டியதும் மிகுதி. லாரமி கோட்டை 1834இல் தோல் வணிகர்களின் நிலையமாகத் தொடங்கியது. 1849இல் படை அதனை விலைக்கு வாங்கியது. கருங்குன்றுகள் எனப்படும் மலைப்பகுதி லகோட்டா மக்களுக்கே உரியது என்று 1868இல் அங்கு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1874இல் அம்மலையில் பொன் இருப்பது தெரிந்தது. சில ஆண்டுகளில் அந்நிலம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆகவே ஒரு கோட்டையைக் காணும்போது, ‘இது எதைக் காத்தது?’ என்று மட்டுமன்றி, ‘இது யாருடைய நிலத்தில் நின்றது?’ என்றும் கேட்க வேண்டும்.

எல்லை நகர்ந்தது

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தமிழர் மிகுந்து வாழ்ந்த கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூரின் இதயமாக இருந்த உதயகிரி, இன்று தமிழ்நாட்டு வனத்துறையின் பராமரிப்பில் உள்ளது. அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையோ, தமிழ்நாட்டு நிலத்தில் இருந்தாலும், கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது.

படைகள் காவல் நின்ற ஆரல்வாய்மொழியை இன்று பேருந்தும் தொடர்வண்டியும் தடையின்றிக் கடக்கின்றன. வேலை தேடியும் கல்வி நாடியும் மக்கள் இருபுறமும் செல்கின்றனர். நம் குடும்பங்களுள் பல அவ்வழியே வந்தவைதாம். அடுத்த முறை புலியூர்க்குறிச்சியைக் கடக்கும்போது பேருந்தின் சாளரம் வழியே அம்மதிலைப் பாருங்கள். இயன்றால் இறங்கிச் சென்று, கல்லறையில் உள்ள தமிழ் எழுத்துகளை நீங்களே படித்துப் பாருங்கள்.

சொற்பொருள்

அகழி – மதிலைச் சூழ்ந்த ஆழமான பள்ளம்
கொத்தளம் – மதிலிலிருந்து வெளியே நீண்டிருக்கும் காவல்மேடை
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
படைவீடு – படைகள் தங்கும் இடம்
முற்றுகை – பகைவர் சூழ்ந்து வளைத்தல்

பயிற்சி

1. வள்ளுவர் கூறும் நால்வகை அரண்கள் யாவை? இப்பாடத்தில் வரும் கோட்டைகளுக்கு அவற்றுள் எவை பொருந்தும்?
2. டிலனாய் உதயகிரிக் கோட்டையிலேயே வாழக் காரணம் என்ன?
3. ‘கோட்டையில் உழைப்பில் கழிந்த நாள்களே பல’ – சான்றுகளுடன் விளக்குக.
4. பிரித்து எழுதுக: கோட்டைக்குள், முட்செடி, கருங்கல்.
5. உங்கள் குடும்பம் திருவனந்தபுரத்திற்கு எவ்வழியே, எப்போது வந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.