காகிதத் துண்டு காசாகுமா? முத்திரைச் சேகரிப்பு: ஓர் அறிமுகம்

1935இல் வெளிவரத் தொடங்கிய இலங்கை முத்திரைத் தொடரில் ஒன்பது சத முத்திரைக்குக் கொழுந்து பறிக்கும் காட்சியைப் படமாக வைத்தார்கள். கூடவே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மலையகத்தாருக்கு இதைவிட உரித்தான முத்திரை கிடைப்பது கஷ்டம். வெளிவந்து ஏறத்தாழத் தொண்ணூறு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பாவித்த பிரதி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம்.

1859இல் வந்த நான்கு பென்ஸ் முத்திரையோ வேறு ரகம். அதில் விக்டோரியா மகாராணியின் தலை மட்டும்தான், நிறமும் மங்கிய ரோஜா. பாவிக்காத நல்ல பிரதிக்குப் பட்டியல் விலை பல பத்தாயிரம் ஸ்டேர்லிங் பவுண். 'டல் ரோஸ்' என்றால் உலகமெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டும் பழையவைதாம். பழமை மட்டும் விலையைத் தருவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

விலை எங்கிருந்து வருகிறது?

இதற்கு முத்திரைக்கு வெளியே ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவில் பேஸ்போல் வீரர்களின் படம் அச்சிட்ட கார்ட்களைச் சேர்ப்பது பெரிய வியாபாரம். ஒரு வீரர் பெரிய ஆட்டத்துக்கு வந்த புதிதில் வெளியாகும் முதல் கார்ட்டை 'ரூக்கி கார்ட்' என்பார்கள். இவர் நாளைக்குப் பெரிய ஆளாக வருவார் என்று கணக்குப் போட்டு அதை வாங்கி வைப்பார்கள். நம்மூர்க் கணக்கில் சொன்னால், 1992இல் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடிய கண்டி இளைஞர் முரளிதரனின் படத்தை அன்றே வாங்கி வைப்பது போல. அவர் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு விடைபெறுவார் என்று அன்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தெரியாமைதான் விலைக்கு விதை. 1952இல் டொப்ஸ் கம்பனி வெளியிட்ட, மிக்கி மென்டில் என்ற வீரரின் கார்ட்கள் விற்காமல் தேங்கின. 1960இல் மிச்சத்தைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தப்பியவற்றில் அப்பழுக்கில்லாத ஒன்று 1991இல் 50,000 டொலருக்குக் கைமாறி, 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு 1980களின் கடைசியில் ஆளாளுக்குக் கார்ட் வாங்கி உறையில் போட்டுப் பூட்டி வைத்தார்கள். கம்பனிகளும் கேட்கக் கேட்க அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவுமே அரிதாகவில்லை. அந்தக் காலக் கார்ட்கள் பெரும்பாலும் இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன.

முத்திரைக்கும் இதே விதிதான். எத்தனை அச்சாயின என்பதைவிட எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் மிஞ்சின, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன.

கத்தரிக்கோல் செய்த வேலை

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வெளியானது. லண்டன் பேர்கின்ஸ் பேக்கன் கம்பனி அச்சிட்ட ஆறு பென்ஸ் முத்திரை அது. அப்போது மலையகத்தில் கோப்பிதான் பயிர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல்.

அந்த ஆரம்ப முத்திரைகளில் ஓரத் துளைகள் கிடையாது. தாளிலிருந்து கத்தரிக்கோலால்தான் வெட்டி எடுக்க வேண்டும். டல் ரோஸின் சட்டம் எண்கோண வடிவம். அவசரத்தில் வெட்டியவர்கள் சட்டத்தையே நறுக்கிவிட்டார்கள். அழகுக்காக எண்கோணமாகவே கத்தரித்தவர்களும் உண்டு. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் முழுசாக உள்ள பிரதி ஒரு விலை. ஒரு பக்கம் வெட்டுப்பட்டது அதில் சிறு பங்கு. எண்கோணமாகக் கத்தரித்தது இன்னும் கீழே.

துளைகள் வந்த பிறகும் நுணுக்கம் ஓயவில்லை. முத்திரையின் ஓரத்தில் 2 சென்றிமீற்றருக்குள் எத்தனை துளை என்று எண்ண ஓர் அளவுச் சட்டம் இருக்கிறது. 1938இல் தொடங்கிய ஆறாம் ஜோர்ஜ் தொடரில் ரப்பர் பால் வெட்டும் இரண்டு சத முத்திரை, ஒரே படத்தோடு பல துளை அளவுகளில் வந்தது. ஓர் அளவு கூடை கூடையாகக் கிடைக்கும். இன்னொன்று அதைவிடப் பல மடங்கு விலை. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேலே அச்சிட்ட ஒரு சொல்லும் விலையை மாற்றிவிடும். 1948இல் இந்தியா வெளியிட்ட காந்தி பத்து ரூபாய் முத்திரையில், கவர்னர் ஜெனரலின் பாவனைக்காக 'சேர்விஸ்' என்று நூறு பிரதிகளில் மட்டும் அச்சிட்டார்கள். அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு பட்டி 2017இல் ஐந்து இலட்சம் பவுணுக்குப் போனது.

காகிதத்துக்குள் இருப்பதையும் பார்க்க வேண்டும். முத்திரையைக் கறுப்புத் தட்டில் முகம் குப்புறப் போட்டு, அதற்கென விற்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் நீர்க்குறி சில விநாடிகள் தெளிவாகத் தெரியும். விக்டோரியா காலத்து ஆரம்ப இலங்கை முத்திரைகள் பலவற்றில் அது ஒரு நட்சத்திரம். போலியைப் பிடிக்க இது முதல் படி.

முதலீடாகப் பார்த்தால்

2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவியபோது, வங்கியில் ரூபாய் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். உலகச் சந்தையில் பவுணிலும் டொலரிலும் விலை பேசப்படும் பொருளுக்கு அந்த அடி விழாது. இதுதான் சேகரிப்பின் பக்கம் பேசக்கூடிய நல்ல வாதம்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். பட்டியல் விலை என்பது வியாபாரி விற்கும் விலை. அவர் வாங்கும் விலை அதில் பாதிக்கும் கீழே இருக்கலாம். ஏலத்துக்குப் போனால் கழிவு உண்டு, சான்றிதழுக்கு வேறு செலவு. அவசரத்துக்குத் தோட்டை அடகு வைத்து அன்றே காசு வாங்கலாம். முத்திரையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. உச்சத்தில் உள்ளதுகூட இறங்கும். பிரித்தானிய கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சத முத்திரை உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 2014இல் சுமார் 95 இலட்சம் டொலருக்குப் போனது, 2021இல் 83 இலட்சத்துக்குத்தான் போனது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஸ்பெயினில் நடந்தது. அஃபின்சா, ஃபோரம் ஃபிலாட்டெலிக்கோ என்ற இரண்டு கம்பனிகள் முத்திரையில் போட்ட பணத்துக்கு நிச்சய இலாபம் என்று சொல்லிப் பணம் திரட்டின. 2006 மே மாதம் பொலிஸ் உள்ளே புகுந்தபோது இலட்சக்கணக்கானோரின் சேமிப்பு சிக்கியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர் பணம் பழையவருக்கு இலாபமாகப் போயிருந்தது. சீட்டுக்காரர் ஓடிப்போன கதையை அறிந்த நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேகரிக்கும் பொருளுக்கு நிச்சய இலாபம் பேசுகிற யாரிடமும் காசைக் கொடுக்கக் கூடாது.

புது முத்திரையை வெளியாகும் நாளிலேயே ஒட்டிக் குத்தித் தபால் திணைக்களம் விற்கும் முதல் நாள் உறைகளையும், அந்த பேஸ்போல் கார்ட்களைப் பார்த்த கண்ணோடு பார்க்கலாம். பார்க்க அழகானவை, பிள்ளைகளுக்கு நல்ல ஆரம்பம். ஆனால் வாங்குகிற எல்லோரும் பத்திரமாக வைக்கும் பொருள் அது.

பனியும் புகையும்

மலையகத்தில் வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் பக்கத்து ஈரமும் பனியும் தேயிலைக்கு நல்லது, காகிதத்துக்கு எமன். பின்பக்கப் பசை கசிந்து முத்திரைகள் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும். விறகடுப்புப் புகை படிந்தால் வெள்ளை மஞ்சளாகும். அதனால் அடுப்படிச் சுவரிலிருந்து தள்ளி, அல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெயில் நாளில் காற்றாட விரிக்க வேண்டும். விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதனால் முத்திரையைக் கையால் தொடாமல், முனை தட்டையான இடுக்கியால் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பழைய கடித உறையிலிருந்து முத்திரையைக் கிழித்து எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அதன்பின் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கடிதங்கள் ஓடின. அந்த உறைகளில் முத்திரை இருக்கும். அஞ்சலகத்தின் பெயரும் தேதியும் உள்ள தபால் முத்திரைக் குத்தும், லயத்து முகவரியும் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது எங்கிருந்து எங்கே, எப்போது போனது என்று சொல்லும். தபால் வரலாறு தேடுகிறவர்கள் கேட்பது அந்த முழு உறையைத்தான். யாரும் பத்திரப்படுத்த நினைக்காத, கிடைத்தவர்களும் பெரும்பாலும் எரித்துவிட்ட காகிதம் அது. விலை வருமோ வராதோ, டிரங்குப் பெட்டியில் மிஞ்சியிருந்தால் உறையோடு, உள்ளிருக்கும் கடிதத்தோடு அப்படியே வையுங்கள். யார் யாருக்கு எழுதியது என்று ஒரு தனித்தாளில் எழுதிக் கூடவே போட்டுவிடுங்கள்.